செக் இன்னும் செல்லுமா?

நம் உறுப்பினர்கள் பலர் அண்மைக்காலமாக ஒரு கேள்வியைக் கேட்டுவருகிறார்கள். கடைக்குக் கடை க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது, டீக்கடையில் பத்து ரூபாய்கூடப் போனில் வந்துவிடுகிறது, இந்தக் காலத்தில் செக் புத்தகம் எதற்கு? பார்ட்டி கொடுக்கும் செக்கை வாங்குவதா, வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதா? கேள்வி நியாயமானதே. ஆனால் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை சொன்னால், அது மளிகைக் கடைக்காரருக்கும் பொருந்தாது, மண்டிக்காரருக்கும் பொருந்தாது.

செக் என்ற அந்த ஒரு தாள் நம் வியாபாரத்தில் இரண்டு வேலைகளைச் செய்துவந்தது. ஒன்று, பணத்தை ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குக் கொண்டு சேர்ப்பது. மற்றொன்று, 'இன்று சரக்கைக் கொடுங்கள், இன்ன தேதியில் பணம் தருகிறேன்' என்ற வாய்ச்சொல்லுக்கு எழுத்தில் ஒரு பிடிமானம் கொடுப்பது. முதல் வேலை செக்கின் கையைவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது வேலைக்கு நம்மைப் போன்ற சிறு வணிகர்களிடம் அதைவிட எளிய கருவி இன்றும் இல்லை என்பது நம் கருத்து. நிதி நிறுவனங்கள் தவணை வசூலிக்க வங்கிக் கணக்கிலேயே உத்தரவு பதிவு செய்துகொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. அந்தத் தவணை திரும்பினாலும் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமே. ஆனால் மாதந்தோறும் தொகை மாறும் மளிகைக் கணக்குக்கு அதை ஏற்பாடு செய்து நடத்துவது நம்மவர்களுக்கு ஒத்துவராத காரியம்.

உடனடிப் பணம் என்றால் செக் வேண்டாம், கடன் வியாபாரம் என்றால் செக் வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் கடனுக்கு வாங்கும் செக்கையும் பலர் வாங்கும் விதத்திலும் வைத்திருக்கும் விதத்திலும் வெறும் காகிதமாக்கிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசுகிறது.

வங்கியே ஜாமீன் நின்ற காலம்

செக்கின் பழைய குறை எல்லோரும் அறிந்தது. நோட்டைக் கையில் வாங்கினால் பணம் வந்துவிட்டது. செக்கை வாங்கினால், எழுதியவர் கணக்கில் பணம் இருந்தால்தான் வரும். சரக்கோ அதற்குள் போய்விட்டிருக்கும். இந்தக் குறைக்கு இங்கிலாந்தில் 1965இல் ஒரு வழி கண்டார்கள். வங்கி தன் வாடிக்கையாளருக்குச் செக் புத்தகத்தோடு ஓர் உத்தரவாத அட்டையையும் கொடுத்தது. கடைக்காரர் முன்னால் செக்கில் கையெழுத்திட வேண்டும்; அந்தக் கையெழுத்தும் அட்டையில் உள்ள கையெழுத்தும் ஒத்திருக்க வேண்டும்; அட்டையின் எண்ணைச் செக்கின் பின்புறம் எழுதிவிட வேண்டும். இவை ஒழுங்காக நடந்தால், எழுதியவர் கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் வங்கி அந்தத் தொகையைக் கொடுத்தே தீரும். அப்படி எழுதிய செக்கை எழுதியவர் நிறுத்தவும் முடியாது.

ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. தொடக்கத்தில் 30 பவுண்டு, 1977இல் 50 பவுண்டு, பிறகு சில அட்டைகளுக்கு 100, 250 பவுண்டு. ஒரு வியாபாரத்துக்கு ஒரே செக்தான். பெரிய தொகையை இரண்டு மூன்று செக்காக உடைத்து எழுதினால் உத்தரவாதம் கிடையாது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் 'யூரோசெக்' என்ற பெயரில் இதே ஏற்பாடு நடந்தது. ஜெர்மனியில் ஒரு செக்குக்கு 400 மார்க் வரை வங்கி பொறுப்பேற்றது.

நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் அது நிலைக்கவில்லை. செக் புத்தகமும் அட்டையும் ஒரே பையில் திருடு போனால் திருடனுக்கு இரட்டை வசதி. அதைவிட முக்கியமாக, 1980களின் பிற்பகுதியில் டெபிட் கார்டு வந்தது. கணக்கில் பணம் இருக்கிறதா என்பதை அந்த நொடியிலேயே இயந்திரம் பார்த்துச் சொல்லும்போது, 'இல்லாவிட்டால் நான் கொடுக்கிறேன்' என்று வங்கி ஜாமீன் நிற்க வேண்டிய தேவை என்ன? யூரோசெக் உத்தரவாதம் 2001ஆம் ஆண்டோடு முடிந்தது. இங்கிலாந்தின் உத்தரவாத அட்டைத் திட்டம் 2011 ஜூன் 30ஆம் தேதி மூடப்பட்டது. லண்டனில் கடை நடத்தும் நம் தமிழர்களில் மூத்தவர்களுக்கு, வாடிக்கையாளரின் அட்டை எண்ணைச் செக்கின் பின்புறம் எழுதி வாங்கிய அந்த நாட்கள் நினைவிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே இங்கிலாந்தில், 2018 அக்டோபரோடு செக்கையே ஒழித்துவிடலாம் என்று 2009இல் நாள் குறித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2011 ஜூலையில் அந்த முடிவைக் கைவிட்டார்கள். அட்டை போயிற்று, செக் தங்கிவிட்டது. கல்லாவில் வாங்கும் பணத்துக்கு உத்தரவாதம் கொடுத்த அட்டையின் இடத்தை டெபிட் கார்டு எடுத்துக்கொண்டது. கடைக்கு வெளியே, தபாலிலும் கணக்கு வழக்கிலும் செக் செய்த வேலையை எடுத்துக்கொள்ள அப்போது எதுவும் தயாராக இல்லை.

கல்லாவில் செக் வேண்டாம்

நம் நாட்டில் சில்லறை வியாபாரத்தில் அப்படி ஓர் உத்தரவாத அட்டை வேரூன்றவில்லை. வங்கியின் பொறுப்பு வேண்டுமென்றால் டிமாண்ட் டிராஃப்ட் வாங்கிவரச் சொல்வோம். இன்று அதற்கும் அவசியம் குறைந்துவிட்டது. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும், ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் இரவும் பகலும் நடக்கின்றன. யூ.பி.ஐ. மூலம் பொதுவாக நாளொன்றுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். வந்து சேர்ந்த பணம் செக்கைப் போல 'போதிய இருப்பு இல்லை' என்று திரும்பாது. எனவே கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம், அதுவும் முகம் தெரியாதவரிடம், செக் வாங்குவது வீண் வம்பு. 3,000 ரூபாய்ச் செக் திரும்பினால் வங்கிக்குக் கட்டும் அபராதமும் வக்கீல் நோட்டீஸ் செலவுமே முதலை விழுங்கிவிடும்.

போனில் வாங்கும்போது ஒன்றே ஒன்று. 'பணம் போய்விட்டது' என்று வாடிக்கையாளர் தம் போனில் காட்டும் படத்தை நம்பிச் சரக்கைக் கொடுக்கக் கூடாது. அதே போன்ற படத்தைக் காட்டும் போலிச் செயலிகள் உலவுகின்றன. நம் பேசும் பெட்டி சொல்ல வேண்டும், அல்லது நம் போனில் வரவு தெரிய வேண்டும்.

வருமான வரிக்காகவாவது செக் வேண்டாமா என்பார்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கொள்முதலைச் செலவாகக் காட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் வங்கி வழியாகப் போகும் எந்த மின்னணுப் பணமும் அந்த நிபந்தனையை நிறைவு செய்கிறது. செக்தான் கொடுக்கிறோம் என்றால் அது 'அக்கவுண்ட் பேயி' செக்காக இருக்க வேண்டும். வெறும் பேரர் செக் இந்தக் கணக்கில் சேராது.

இங்கே ஜாமீன் நிற்பது சட்டம்

இனி கடன் வியாபாரத்துக்கு வருவோம். விருதுநகரில் ஒரு பருப்பு மண்டி, மதுரைப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் ரூபாய்க்குச் சரக்கு போகிறது. 45 நாள் தவணை. க்யூ.ஆர். அட்டை இந்த 45 நாளுக்கு என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. நாளை வரவேண்டிய பணத்துக்கு அது சாட்சி சொல்லாது. அந்த இடத்தில்தான் பின் தேதியிட்ட செக் வருகிறது. முற்காலத்தில் நம் மண்டிகளில் உண்டியல் செய்த வேலை இதுவே.

இங்கிலாந்தில் அட்டை வழியாக வங்கி ஜாமீன் நின்றது. இங்கே ஜாமீன் நிற்பது 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு. இந்தப் பிரிவு 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் செக் திரும்பினால் சிவில் கோர்ட்டில் பணம் கேட்டு வழக்குப் போடலாம், மோசடி என்று நிரூபிக்க முடிந்தால் போலீசுக்குப் போகலாம், அவ்வளவுதான். இந்தப் பிரிவு வந்த பின், கடனுக்காகக் கொடுத்த செக் பணமின்றித் திரும்புவதே குற்றமாயிற்று. இன்று அதற்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 'பணம் கொடுக்காதே' என்று வங்கிக்கு எழுதி நிறுத்தினாலும், கணக்கையே மூடிவிட்டாலும், வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போட்டாலும் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் வெவ்வேறு தீர்ப்புகளில் சொல்லிவிட்டது.

இந்த ஜாமீன் வங்கியின் ஜாமீனைப் போல் உடனே பணத்தைக் கையில் வைப்பதில்லை. 2019 முடிவில் நாடெங்கும் தேங்கிக் கிடந்த 2.31 கோடிக் குற்ற வழக்குகளில் 35 லட்சத்துக்கு மேற்பட்டவை செக் வழக்குகளே என்பதை 2021இல் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கொடுக்கச் சொல்ல 2018ஆம் ஆண்டுத் திருத்தம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. கொடுக்கச் சொல்வதும் சொல்லாததும் நீதிபதியின் விருப்பம். ஆகவே வழக்குப் போட்டுப் பணம் வாங்கலாம் என்ற எண்ணத்தில் செக் வாங்குகிறவர் ஏமாந்துபோவார். வழக்கு வரும் என்று எதிராளி அறிந்திருப்பதால் குறித்த தேதியில் பணம் வருகிறதே, அதுதான் செக்கின் பயன். அந்த அச்சம் நிற்க வேண்டுமானால் நம் பக்கத்துக் காகிதங்கள் பழுதில்லாமல் இருக்க வேண்டும்.

முதலில் நாள் கணக்கு. செக்கில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டாக வேண்டும். 2012 ஏப்ரல் வரை இது 6 மாதமாக இருந்தது; பழைய பழக்கத்தில் இன்றும் சிலர் செக்கை இரும்புப் பெட்டியில் வைத்து மறந்துவிடுகிறார்கள். செக் திரும்பி, வங்கியின் ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் எதிராளிக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால், அந்த 15 நாள் கழிந்த ஒரு மாதத்துக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஜூன் 5ஆம் தேதி மெமோ வந்தது என்றால் ஜூலை 5க்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். ஜூன் 20 அன்றே அனுப்பி, அவர் 23ஆம் தேதி பெற்றுக்கொண்டால், ஜூலை 8 வரை காத்திருந்து, ஆகஸ்ட் 8க்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம் என்றாலும், அதை நம்பி நாட்களைக் கடத்தக் கூடாது.

'அடுத்த வாரம் போடுங்கள், அண்ணாச்சி' என்று பார்ட்டி கெஞ்சுவார். நாமும் முகத்துக்காக ஒத்துக்கொள்வோம். அதனால் மட்டும் உரிமை போய்விடாது. செக்கின் 3 மாதம் முடியும் முன் மறுபடி போட்டு, மறுபடி திரும்பினால், அந்தத் திரும்பலை வைத்தும் நோட்டீஸ் கொடுத்து வழக்குத் தொடரலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 3 மாதமும் கடந்தால்தான் சங்கடம்.

வெளியூர்ப் பார்ட்டியிடம் செக் வாங்கப் பயப்படுவோருக்கு ஓர் ஆறுதல் உண்டு. 2014இல் வந்த ஒரு தீர்ப்பால், செக் எழுதியவரின் வங்கி இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்ற நிலை வந்து, மொத்த வியாபாரிகள் ஊர் ஊராக அலைய வேண்டியதாயிற்று. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றிவிட்டது. நாம் எந்தக் கிளையில் கணக்கு வைத்துச் செக்கைப் போடுகிறோமோ, அந்தக் கிளை உள்ள இடத்து நீதிமன்றமே போதும்.

போனில் பாதி, செக்கில் மீதி

இன்றைய வியாபாரத்தில் மொத்த வியாபாரிகளுக்கு மிகுந்த நஷ்டம் தரக்கூடிய இடம் இதுதான். நம்மவர்களில் பலர் இதை அறிந்திருக்கவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மேலே சொன்ன விருதுநகர் மண்டிக்கு ஒரு லட்சத்துக்கான செக் கையில் இருக்கிறது. தேதி வருவதற்குள் கடைக்காரர் போனில் ஒரு நாள் 25,000, இன்னொரு நாள் 15,000 என்று அனுப்பிவிடுகிறார். பேரேட்டில் வரவு வைத்தாகிவிட்டது, பாக்கி 60,000. தேதி வந்ததும் மண்டிக்காரர் அந்த ஒரு லட்ச ரூபாய்ச் செக்கை அப்படியே வங்கியில் போடுகிறார். 'எப்படியும் வராது, திரும்பினால் வழக்குக்கு ஆகும்' என்பது அவர் எண்ணம். செக் திரும்புகிறது. வழக்கும் போடுகிறார். அங்கே தோற்றுப்போகிறார்.

காரணம் இது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், செக் கொடுத்த பிறகு ஒரு பகுதிப் பணம் வந்திருந்தால், செக்கைப் போடும் நாளில் செக்கில் உள்ள முழுத்தொகையும் கடனாக இல்லை என்று கூறியது. வந்த பகுதியைச் செக்கிலேயே குறித்து மீதிக்குப் போட்டிருக்க வேண்டும். முழுத்தொகைக்குப் போட்டுத் திரும்பினால் 138ஆவது பிரிவுக் குற்றமே ஆகாது என்பது தீர்ப்பு. பணமாகக் கொடுத்துத் துண்டுச் சீட்டில் எழுதிய காலத்தில், பகுதிப் பணம் வந்ததை எதிராளி நிரூபிக்கத் திணறுவார். இன்று யூ.பி.ஐ. வரவு ஒவ்வொன்றும் நாள், மணி, எண்ணோடு இரு வங்கிகளிலும் பதிந்திருக்கிறது. அவருடைய வக்கீல் கணக்கு அறிக்கையை நீட்டினால் போதும்.

செக்கிலேயே குறித்துப் போடலாம் என்று சட்டம் இடம் கொடுத்தாலும், செக்கின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கும் இந்நாளில், தொகையைப் பற்றிய கூடுதல் எழுத்து எதைப் பார்த்தாலும் கவுண்ட்டரில் தயங்குவார்கள். தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு அடித்தல் திருத்தம் உள்ள செக்கை இந்த முறையில் ஏற்பதில்லை. எனவே நம் யோசனை வேறு. ஒரு லட்சத்துக்கு ஒரே செக் வாங்காமல், 25,000 வீதம் நான்கு செக்குகளாக வாங்குங்கள். போனில் 25,000 வந்ததும் ஒரு செக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துண்டாக 15,000 வந்தால், கையிலுள்ள ஒன்றைக் கொடுத்துவிட்டு 10,000க்கு வேறு செக் கேளுங்கள். கொஞ்சம் தொல்லைதான். ஆனால் பேரேட்டுப் பாக்கியும் கையிலுள்ள செக்குகளின் கூட்டுத் தொகையும் எந்நேரமும் ஒத்துப்போகும்.

இதே ஒத்துப்போதல் நோட்டீசிலும் வேண்டும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் செக் ஒரு கோடிக்கு இருந்தது. நோட்டீசில் இரண்டு கோடி என்று எழுதிவிட்டார்கள். தட்டச்சுப் பிழை என்று வாதாடிப் பார்த்தும் நீதிமன்றம் ஏற்கவில்லை; நோட்டீசே செல்லாது என்றது. நம் கடைகளில் பொதுவாக நடப்பது என்ன? 'உங்கள் பேரில் உள்ள மொத்தப் பாக்கி இவ்வளவு, உடனே செலுத்தவும்' என்று பேரேட்டுத் தொகையை நோட்டீசில் எழுதச் சொல்வோம். அப்படிச் செய்யக் கூடாது. செக்கின் தொகை எதுவோ அதை அப்படியே, தனியாக எழுதிக் கேட்க வேண்டும். வட்டியும் செலவும் கேட்பதானால் தனித்தனியாகப் பிரித்துக் காட்டலாம். செக் தொகையோடு கலக்கக் கூடாது.

சரக்கு போகாத வியாபாரத்துக்கும் செக் பிடிமானம் ஆகாது. முன்பணமாகச் செக் வாங்கி, பின்னர் ஆர்டர் ரத்தாகிச் சரக்கே அனுப்பாவிட்டால், அந்தச் செக்கை வைத்து 138இல் வழக்குத் தொடர முடியாது என்பது 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பில்லும் லாரி ரசீதும் சரக்கு பெற்றதற்கான கையெழுத்தும் செக்கோடு சேர்ந்திருந்தால்தான் செக்குக்கு உயிர். செக் எழுதியவர் இறந்துபோனால் வாரிசுகள் மீது இந்தக் குற்ற வழக்கு செல்லாது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கும் இதே காகிதங்களைத்தான் கேட்பார்கள்.

50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு 2021 ஜனவரி முதல் 'பாசிட்டிவ் பே' என்று ஒன்று வந்திருக்கிறது. செக் எழுதியவர் அதன் எண், தேதி, பெயர், தொகை ஆகியவற்றைத் தம் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் முறை அது. 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கிகள் இதைக் கட்டாயமாக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விட்டிருக்கிறது. பெரிய செக் வாங்கினால், 'வங்கியில் சொல்லிவிட்டீர்களா?' என்று கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

செக் கொடுக்கிறவர் பக்கம்

இதுவரை எழுதியது வாங்குகிறவருக்கு. நம் வாசகர்களில் பெரும்பாலோர் செக் கொடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள். அவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

மொத்த வியாபாரி கணக்குத் தொடங்கும்போதே, 'மூன்று செக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், தொகை எழுத வேண்டாம்' என்று கேட்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. கொடுக்கிறவரும், 'நிரப்பாத செக்தானே, சட்டப்படி செல்லாது' என்று நினைத்துக்கொள்கிறார். அது சரியல்ல. கையெழுத்துத் தம்முடையது என்று ஒப்புக்கொண்டால், மற்ற இடங்களை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் அது கடனுக்காகக் கொடுத்த செக் என்றே சட்டம் அனுமானிக்கும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கடன் இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் நம் தலையில் விழுகிறது. 'செக்யூரிட்டிக்காகக் கொடுத்தது' என்ற வாதமும், கடன் தேதி கடந்து நிலுவையில் இருந்தால் எடுபடாது என்று 2021இல் சொல்லிவிட்டார்கள். கணக்கில் பாக்கி இல்லாதபோது அந்தச் செக்கை வைத்து ஒருவர் வழக்குப் போட்டால் நாம் எடுத்துவைக்க வேண்டியவை பணம் அனுப்பிய சான்றும், கணக்குத் தீர்ந்தது என்று அவர் எழுதிய கடிதமுமே. ஆகவே பெயரும் தொகையும் எழுதாத செக்கைக் கொடுக்காதீர்கள். கொடுக்கத்தான் வேண்டியிருந்தால், செக் எண்ணையும் எதற்காகக் கொடுத்தது என்பதையும் ஒரு கடிதத்தில் எழுதி, நகலில் அவருடைய கையெழுத்தை வாங்கி வையுங்கள். கணக்குத் தீர்ந்த அன்றே செக்கைத் திருப்பிக் கேளுங்கள். முகத்தாட்சண்யம் பார்த்து விட்டுவைத்த பழைய செக்குகள், மண்டியில் பங்காளிகளுக்குள் பிரிவினை வரும்போது வேறு யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு பழக்கத்துக்கும் காலம் முடிந்துவிட்டது. காலையில் செக்கைக் கொடுத்துவிட்டு, 'வங்கிக்குப் போய்ச் சேர எப்படியும் ஒன்றிரண்டு நாள் ஆகும், நாளைக் கல்லாவைக் கொண்டு கட்டிவிடலாம்' என்று இருந்தோம். முன்பு அது ஓடியது. 2025 அக்டோபர் 4ஆம் தேதி முதல் செக் தீர்வு நாள் முழுதும் தொடர்ந்து நடக்கிறது. வங்கியில் போடும் செக்குகளின் படம் உடனுக்குடன் போகிறது. ஏற்பதா, திருப்புவதா என்று கொடுப்பவரின் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். வாங்குகிறவருக்கு இது நல்ல செய்தி. கொடுக்கிறவரோ, செக்கில் எழுதிய தேதியன்று காலையிலேயே கணக்கில் பணத்தை வைத்திருக்க வேண்டும்.

அப்படி வைத்திருக்கும் பணமும் சில சமயம் கைக்கு எட்டாமல் போய்விடுகிறது. யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தில் ஒரு சிறு துண்டு, சரக்கு வாங்கியவர் வழியாக நம் க்யூ.ஆர். கணக்குக்கு வந்திருக்கும். சைபர் குற்றப் புகார் பதிவானதும், பணம் போன வழியெல்லாம் தொடர்ந்து, அந்தத் தொகையை மட்டுமோ சில சமயம் கணக்கு முழுவதையுமோ முடக்கச் சொல்கிறார்கள். நியாயமாகச் சரக்கு விற்ற கடைக்காரர் அது தம் விற்பனைப் பணம் என்று பில்லைக் காட்டி, எங்கோ உள்ள காவல் நிலையத்துக்கு எழுதி, வங்கிக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் அந்தக் கணக்கின் மேல் எழுதிக் கொடுத்த செக்குகள் வரிசையாகத் திரும்பும்.

இதற்காக நாம் சொல்லும் ஏற்பாடு எளியது. க்யூ.ஆர். வசூல் விழும் கணக்கு ஒன்று, செக் புத்தகம் உள்ள நடப்புக் கணக்கு வேறொன்று, முடிந்தால் இரண்டும் வெவ்வேறு வங்கிகளில். பணத்தை மாற்றினாலும் புகார் அதைத் தொடர்ந்து இரண்டாவது கணக்குக்கும் வரக்கூடும் என்பதால் இது முழுப் பாதுகாப்பு அல்ல. ஆயினும் தினமும் நூறு பேர் பணம் போடும் கணக்கின் மேல் செக் எழுதாமல் இருப்பதே பாதி நிம்மதி. இரவு கடையை எடுத்து வைக்கும் முன், அடுத்த ஒரு வாரத்தில் தேதி வரும் செக்குகளின் தொகையைக் கூட்டிப் பார்த்து, அதற்கு வேண்டியதை முதலில் செக் கணக்குக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தில் மறுநாள் கொள்முதலைப் பார்த்துக்கொள்ளலாம். 500 ரூபாய்க்கு மேல் போனில் வாங்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் பில் போட்டு, நகலைக் குறைந்தது ஓராண்டாவது தேதிவாரியாகக் கட்டி வைப்பதும் இதோடு சேர்ந்தது.